துளசிமணியின் முகம்

துளசிமணி போனை வைத்த பிறகுதான் பிரவீணாவுக்கு உறைத்தது. பேசியது யாரென்று தெரியாமல் இல்லை, பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அந்தப் பெண்மணி போனில் பேசினார் என்பதுதான் உறைக்க நேரமானது. போன மாதம் வரைக்கும் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும் என்று இருந்தவர். இன்றைக்குக் காலையில் ஒரு நம்பரை அழுத்தி, "அம்மிணி, நான் பள்ளிபாளையம் துளசிமணி பேசறனுங்க. அந்தப் போட்டோ விசயமா நேர்ல பேசோணும், கடையில இருப்பீங்களா" என்று கேட்டு, "இருப்பேங்க்கா, வாங்க" என்று இவள் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க, பஸ் ஏறிட்டனுங்க" என்று முடித்துவிட்டார். கேட்டார், பதில் சொன்னார், வைத்தார். எல்லோரும் செய்கிற காரியம். பிரவீணா கையிலிருந்த போனைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, கீழே மெடிக்கலில் யாரோ சில்லறை கேட்டார்கள், உள்ளறையில் கடை முதலாளி சிபிச்சக்கரவர்த்தி சார் ஒரு பெரியவரிடம் "இந்தப் பக்கம் கேட்குதுங்களா, இந்தப் பக்கம்" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இத்தனையும் ஒரு விலையும் கொடுக்காமல் தன் காதில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விசித்திரமாக இருந்தது. அந்த விசித்திரம் தீருவதற்குள்ளேயே, நேர்ல பேசோணும் என்ற இரண்டு வார்த்தைகள் தொண்டையில் மீன்முள் மாதிரி வந்து நின்றுகொண்டன. போட்டோ விசயமா. நேர்ல. நல்ல விஷயத்துக்கு யாரும் நேரில் பேச வேண்டும் என்று சொல்வதில்லை. நல்ல விஷயத்தைப் போனிலேயே சொல்லிவிடலாம்.

காது மிஷினுக்கு விளம்பரம் செய்வது லேசில்லை. இதற்கு முன்னால் அவள் நைட்டி மொத்த வியாபாரக் கடையில் இருந்தாள், தினமும் நைட்டியைப் படம் பிடித்து வாட்ஸப் குரூப்புகளில் போடுவதுதான் வேலை. அங்கே ஒரு சூட்சுமம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கட்டில் மேல் போட்டு, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி ஒரு மடிப்பை விட்டு எடுத்தால் உடனே ஆர்டர் வரும். மனுஷ வாடை இருக்க வேண்டும் படத்தில், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். இங்கே வந்து பார்த்தால் விற்கிற பொருளே பார்வைக்குத் தப்புவதற்காகச் செய்தது. யாருக்கும் தெரியாது, முடிக்குள் மறைந்துவிடும் என்று சொல்லித்தான் சார் விற்கிறார். தெரியக்கூடாத பொருளை எப்படிப் படம் எடுப்பது. அதுவும் போகட்டும், அது கொடுக்கிறது சத்தம். சத்தத்தை எந்தப் பக்கமிருந்து படம் பிடிப்பது. அவள் வருவதற்கு முன் சார் கடையின் ஃபேஸ்புக் பேஜில் போட்டிருந்தவை எல்லாம் இணையத்திலிருந்து இறக்கியவை: நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி புல்வெளியில் சிரிக்கிறார்கள், கீழே ஈரோட்டு விலாசம். அதற்கு விழுந்த லைக்கில் ஒன்று சாருடையது, ஒன்று சார் மனைவியுடையது. பிறகு இவள் வந்து மிஷினையே வெள்ளைத் துணி மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக எடுத்துப் போட்டாள். முந்திரி கிலோ என்ன விலை என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அவள் சிரித்தாள், சாருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ராத்திரி தூக்கம் வராமல் தன் போனையே தள்ளித் தள்ளிப் பார்த்தபோதுதான் பெருவிரலைக் கவனித்தாள். விரல் தன்பாட்டுக்குப் போகிறது. பிரியாணி போகிறது, கல்யாணம் போகிறது, வெள்ளம் போகிறது, பிளாட் விற்பனை போகிறது, யாரோ இறந்தது போகிறது. எங்கேயோ ஓரிடத்தில் நிற்கிறது. நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் முடிவு செய்யவில்லை, விரலே நின்று விடுகிறது, மனசு பின்னால் ஓடி வந்து என்ன என்று பார்க்கிறது. அப்படி நின்ற இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தாள். பெரும்பாலும் முகங்கள். அழகான முகங்கள் கூட இல்லை. ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிற முகங்கள்.

துளசிமணி முகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் அதுதான் வருகிறது, மறுபடியும் வந்தது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண். எண்ணெய் வைத்து இழுத்து வாரின தலை, நெற்றியில் சின்னத் திருநீறு, காதுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் மிஷினின் விளிம்பு. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, சொல்ல வந்து சொல்லாமல் விட்ட மாதிரி. கண்கள் நேராகப் பார்ப்பவர்களைப் பார்க்கின்றன. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அழுகையா என்றால் கண்ணில் ஈரம் இல்லை. பயமும் இருக்கிறது போல, ஆனால் பயந்தவர்கள் இப்படி முன்னால் சாய மாட்டார்கள். அந்த முகத்தை இவள் எடுத்தாள் என்பதே இவளுக்கு நம்பிக்கையில்லை, ஏதோ ஒரு கை வந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. சாரின் தம்பி கொடுத்த பழைய பெரிய கேமரா, காது சோதனை அறையின் மஞ்சள் வெளிச்சம், நாற்காலியில் துளசிமணி, ஓரத்தில் அவர் மகள் இந்துஜா. மகள் "அம்மா" என்று கூப்பிட்ட குரலைப் பல வருஷத்துக்குப் பிறகு கேட்ட கணம், என்று படத்துக்குக் கீழே எழுதிப் போட்டாள். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது படம் கடையை விட்டுப் போய்விட்டிருந்தது. ஈரோட்டை விட்டு, கோயம்புத்தூரை விட்டு, எங்கெங்கேயோ. பகிர்ந்தவர்களிடமிருந்து பகிர்ந்தவர்கள், அவர்களிடமிருந்து பகிர்ந்தவர்கள். எண்ணிக்கையைப் பார்ப்பதை இரண்டாம் நாளே விட்டுவிட்டாள். மலையை அண்ணாந்து பார்க்கிறபோது எத்தனை கல் என்று யார் எண்ணுவார்கள். அவளை நிலைகுலைய வைத்தது அது இல்லை. மூன்றாம் நாள் காலையில் கமெண்டில் ஒருத்தர் எதுவும் எழுதாமல் ஒரு படத்தை மட்டும் போட்டிருந்தார். ஒரு காது. மிஷின் மாட்டிய காது. மயிலாடுதுறைப் பக்கத்து பஸ் கண்டக்டர். அதற்குக் கீழே இன்னொரு காது, அது ஒரு டீச்சருடையது. அப்புறம் ஜிமிக்கி போட்ட காது, கல்யாணப் பெண், பூவையும் நெத்திச்சுட்டியையும் தாண்டி மிஷின் தெரிகிற மாதிரி வேண்டுமென்றே தலையைத் திருப்பி எடுத்துக்கொண்ட படம். மலேசியாவிலிருந்து ஒரு தாத்தா காது, வயதான காது, மடல் தொங்கிப் போய், சுருக்கமும் மயிருமாக. யாரும் கேட்கவில்லை. போட்டி இல்லை, பரிசு இல்லை, உங்கள் படத்தை அனுப்புங்கள் என்று இவள் எழுதவில்லை. வருஷக்கணக்காக முடியை இறக்கி விட்டும் முந்தானையை இழுத்து விட்டும் மறைத்தவர்கள், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தா பார் என் காது என்று காட்டுகிறார்கள். ஒரு முகம் பேசினதற்கு இத்தனை காதுகள் பதில் சொல்லின. அன்றைக்கு அவள் கடையிலேயே, வந்த வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கோயிலில் திரை விலகுகிறபோது நெஞ்சுக்குள் ஒரு கூச்சல் எழும்புமே, அது.

ஆனால் இந்நேரம் பஸ் பாலத்தில் ஏறியிருக்கும். பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் காவிரி ஒன்றுதான், நெரிசல் இல்லையென்றால் சடாரென்று வந்துவிடலாம், நெரிசல் இருந்தால் பாலத்தின் மேலேயே நிற்க வேண்டியதுதான். நின்றால் நல்லது என்று நினைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து துளசிமணி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பார்க்க மட்டுமா, இப்போது கேட்கவும் செய்வார். என்ன பேச வருகிறார். வீட்டுக்காரர் சத்தம் போட்டிருப்பாரா. சொந்தக்காரர்கள் கேலி பேசியிருப்பார்களா, உன் மூஞ்சியை ஊரெல்லாம் பார்க்கிறதே என்று. எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் எடுத்துவிடலாம், மேலே ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கிறது, அதைத் தொட்டால் நீக்கு என்று வரும், அதைத் தொட்டால் தீர்ந்தது. தொட்டுப் பார்த்தாள். வந்தது. விரலை எடுத்துக்கொண்டாள். தீர்ந்துவிடுமா. இங்கே நீக்கினால் இங்கே போகும். மயிலாடுதுறையிலும் மலேசியாவிலும் யார் யார் போனிலோ சேமித்து வைத்திருக்கிற முகத்தை எந்த மூன்று புள்ளியைத் தொட்டுக் கூப்பிடுவது. படம் எடுக்கிறது என்று ஏன் சொல்கிறோம், வரைகிறது என்று சொன்னாலாவது கொடுக்கிற மாதிரி இருக்கும், எடுக்கிறது என்றால் அவர்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிற மாதிரிதானே. அவளுடைய அம்மா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி பேனருக்குத் தனியாக ஒரு படம் கூட இல்லை. சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படத்திலிருந்து ஃப்ளெக்ஸ்காரர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார், இலையையும் பக்கத்தில் இருந்தவரின் தோளையும் அழித்தார், அம்மா வாழ்க்கையில் கட்டாத பட்டுச்சேலையை மாட்டினார். ஆனால் சிரிப்பை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே தெருமுனையில் அத்தனை பெரிய சிரிப்பு. போகிறவர்கள் நின்றார்கள். தெரியாதவர்கள் கூட டூவீலரைக் காலூன்றி நிறுத்திப் பார்த்தார்கள், சிலர் தங்களை அறியாமல் சிரித்துவிட்டு, பிறகு எழுத்தைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா எதற்குச் சிரித்தாள் என்று பிரவீணா அந்தப் பந்தியில் இருந்த ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. முகம் இருக்கிறது, காரணம் போய்விட்டது. படம் என்றால் அதுதானோ என்று தோன்றும். உள்ளே நடந்தது போய்விடும், அது முகத்தின் மேல் போட்ட வெளிச்சம் மட்டும் தங்கிவிடும், பார்க்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு காரணத்தை அதற்குள் வைத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் நிற்கிறார்கள் போல. தங்கள் காரணத்தை வைக்க ஒரு இடம் கிடைத்ததென்று.

கேட்டுத்தானே போட்டோம் என்று மனசு திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்தது, செக்குமாடு மாதிரி. அன்றைக்கு மிஷின் மாட்டி முடிந்ததும், "இந்தப் படத்த நம்ம பேஜ்ல போட்டுக்கலாமாங்க்கா" என்று கேட்டாள். துளசிமணி தலையாட்டினார். நன்றாக, மேலும் கீழுமாக, சிரித்துக்கொண்டே ஆட்டினார். அப்படியானால் ஒரு தப்பும் இல்லை. இல்லைதானே. ஆட்டும்போது அவர் கண் இவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது.

படியில் செருப்புச் சத்தம் வந்தது. ஒவ்வொரு படியாக, நின்று நின்று. பிரவீணா எழுந்து நின்றாள். துளசிமணி உள்ளே வந்து, கதவை மெதுவாகச் சாத்தி, சாத்தின கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊதாச் சேலை, கையில் துணிப்பை. படத்தில் இருந்ததைவிடச் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

"தண்ணி குடிக்கறீங்களாக்கா?"

"வேண்டாங்க. நான் சத்தமாப் பேசறனா? மெதுவாப் பேசுன்னு மக சொல்லிட்டே இருக்குது."

"இல்லீங்க்கா. சரியாத்தான் பேசறீங்க."

"போட்டோவப் பாத்தவங்க நெறையப் பேருன்னு இந்துஜா காட்டுச்சுங்க. எங்க தறிக்குடோன்ல வேலை செய்யறவங்க எல்லாம் பாத்திருக்காங்க. மாப்பிள்ள வூட்டுலயும் பாத்துட்டாங்க."

பிரவீணா ஒரு அடி முன்னால் வந்தாள். "எந்த மாப்பிள்ள வீடுங்க?"

"இந்துஜாவுக்குப் பாத்துட்டு இருக்கறமுங்க. சத்தியமங்கலத்துப் பக்கம். பேசி முடியற மாதிரி இருந்துச்சு. இப்ப புரோக்கர் வந்து, அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு நீங்க சொல்லவே இல்லியே, வம்சத்துக்கு வருமோன்னு கேக்கறாங்கன்னாரு. தறிச் சத்தத்துல போன காதுங்க, பொறப்புல வந்ததில்லீங்கன்னு எம்மக எடுத்துச் சொல்லுச்சு. சரி, அந்தப் போட்டோவ எடுத்துட்டா இருவதாந்தேதி உறுதி பண்ண வர்றோம்னு சொல்லியுட்டாங்க."

கம்ப்யூட்டரில் அந்த முகம் திறந்தே இருந்தது. நீக்கு என்ற சொல்லும் அதன் ஓரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பிரவீணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதுகள் ஒவ்வொன்றாக மனசுக்குள் போயின, கண்டக்டர் காது, ஜிமிக்கிக் காது, மலேசியாத் தாத்தா காது, முகம் போனால் இவை எல்லாம் எதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் என்று ஒரு கிறுக்கு எண்ணம் வந்தது. அடுத்த கணமே, ஒரு பெண்ணின் கல்யாணம் இது, நான் எதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. "இப்பவே எடுத்தர்றேங்க்கா," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. மௌஸ் மேல் கை வைத்தாள்.

"இருங்க அம்மிணி. எடுக்கச் சொல்லி நான் வரலீங்க."

கை நின்றது.

"எடுக்க வேண்டாம்னு இந்துஜா ஒரே புடியா நிக்குது. நீ மறைச்சு வச்சாத்தான் நான் வாழ முடியும்னா அந்த எடம் எனக்கு வேண்டாம்மாங்குது. நான் ரெண்டு நாளா யோசிச்சனுங்க. வந்தா வரட்டும், வல்லீன்னா வேற எடம் பாப்போம். அது கெடக்குது. நான் வந்தது வேற விசயம்." துளசிமணி திரையைப் பார்த்தார். தன் முகத்தை, அடுத்த வீட்டுக்காரியைப் பார்ப்பது போல ஒரு மரியாதையோடு பார்த்தார். "கீழ எழுதியிருக்கறீங்களே. மக அம்மான்னு கூப்பிட்டதக் கேட்டப்போன்னு. அது அப்படி இல்லீங்க."

"இந்துஜா கூப்பிட்டாங்களேக்கா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

"கூப்பிட்டுச்சு. அது அப்பறமுங்க. எம்மக கொரலக் கேட்டு நான் அழுதன். இது அதுக்கு முந்தி. சாரு மிஷின மாட்டிட்டுக் கைய எடுத்தாரா. சித்த நேரம் ஒண்ணுமில்ல. பொறவு ஒரு சத்தம் வந்துச்சு. டக்குனு. சின்னச் சத்தந்தான். ஆனா கத்தரிக்கோல்ல வெட்டுனாப்பல, ஓரம் சுத்தமா. எனக்கு எத்தனையோ வருசமா எந்தச் சத்தம் வந்தாலும் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரிதாங்க வரும். மொணமொணன்னு. எது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது. இது ஆரம்பிச்சுது, முடிஞ்சுது. என்னடா இதுன்னு பாத்தா நீங்க அந்தப் பெரிய கேமராவ வச்சுட்டு நிக்கறீங்க. அதுல இருந்துதான் வந்திருக்குது."

பிரவீணா திரைப் பக்கம் திரும்பினாள். மௌஸை நகர்த்தி அன்றைக்கு எடுத்த படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். தொடர்ந்து எடுத்தவை, வரிசையாக இருந்தன. உலகம் பார்த்த முகம் இரண்டாவது. முதலாவதை அவள் யாருக்கும் காட்டியதில்லை, ஒன்றுமில்லாத படம் என்று அன்றே ஒதுக்கியிருந்தாள். அதைத் திறந்தாள். நாற்காலியில் துளசிமணி, கண் தரையில், முகம் மூடின கதவு மாதிரி. அடுத்ததைத் திறந்தாள். கண் இவளைப் பார்க்கிறது, வாய் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று இத்தனை நாள் அவள் யோசித்ததே இல்லை. நடுவில் இருந்தது இவள் விரல். இவள் அழுத்தினாள், சத்தம் வந்தது, சத்தம் அந்தப் பெண்ணைத் திருப்பியது, திரும்பினவளை இவள் மறுபடி அழுத்தினாள். ஏதோ ஒரு கை வந்து எடுத்துவிட்டுப் போனது என்று நினைத்தாளே, அந்தக் கை இதுதான். சத்தத்தை எந்தப் பக்கமிருந்து படம் பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளின் கைக்குள்ளேயே அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. நைட்டிக் கடையிலிருந்து இன்றுவரைக்கும் எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பாள், ஒரு தடவை கூடக் காது கொடுத்ததில்லை. அத்தனை ஊர்களிலும் அத்தனை பெருவிரல்களை நிறுத்தியது ஒரு தாயின் பாசம் என்று இவள் எழுதினாள், சனங்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களை நிறுத்திய முகம் பாசத்துக்கு முன்னால் இருந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. உலகத்தில் சத்தம் என்று ஒன்று இருக்கிறது என்பதை.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. பெரியவரை அனுப்பிவிட்டு சார் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "வணக்கங்க்கா," என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "மக கூப்பிட்டதுன்னு இருந்தாத்தான் பாக்கறவங்க மனசுல போய் ஒட்டுது. ரெண்டும் ஒரு நிமிசத்துக்குள்ள நடந்ததுதானுங்களே. இதுல என்ன பெரிய வித்தியாசம்?" கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

துளசிமணி அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதுங்க சார். காது கேக்காதவங்க என்ன பண்ணுவாங்கன்னா, தலையாட்டுவாங்க. யாரு என்ன சொன்னாலும் ஆட்டோணும். ஒருக்கா கேக்கலீன்னா திருப்பிச் சொல்லுவாங்க, ரெண்டுதரம் சொல்லுவாங்க, மூணாந்தரம் மூஞ்சியச் சுளிப்பாங்க. அதுக்குப் பயந்துட்டு ஆட்டிரோணும். சிரிச்சா நாமளும் சிரிக்கோணும். எங்க மாமியார் சாகக் கெடந்தப்ப என்னையக் கூப்பிட்டு என்னமோ சொன்னாங்க. கையப் புடிச்சுட்டு ரொம்ப நேரம் சொன்னாங்க. நான் தலையாட்டினன். என்ன சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எதுக்கு ஆட்டினன்னும் தெரியாது." துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "இப்பக் குடோன்ல எல்லாரும் வந்து, மக கொரலக் கேட்டு அந்தப் போட்டோவுல அப்படிப் பாத்தியாமேன்னு கேக்கறாங்க. நான் ஆமான்னு தலையாட்டறன். ஆட்டும்போதுதான் நெஞ்சுல சுருக்குனு குத்துச்சு. மிஷினு மாட்டியும் ஆட்டிட்டுத்தான இருக்கறன்."

கீழே ஒரு பஸ் உறுமி நகர்ந்தது, அது போய்த் தீரும்வரை துளசிமணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரவீணாவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, கேட்காமல் விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் தெரிந்தது. "அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேங்க்கா. படத்தப் போட்டுக்கலாமான்னு. தலையாட்டினீங்க."

துளசிமணி சங்கடமாகச் சிரித்தார். "ஆட்டினனுங்க. மிஷினு புதுசு, நீங்க பேசினது பேச்சுன்னு தெரிஞ்சுது, என்ன பேச்சுன்னு புடிபடல. பழக்கத்துல ஆட்டிட்டன்."

அப்படியானால் அது சம்மதமே இல்லை. எல்லா ஊர்களுக்கும் போன முகம் கேட்காமல் போன முகம். பிரவீணா எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, துளசிமணிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். உதட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருக்கட்டும் என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "உங்க படத்த நான் எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுக்கலாமாங்க்கா?"

துளசிமணியின் தலை அசையப் போனது. பழக்கம், பாதி தூரம் போய்விட்டது. அதைப் பிடித்து நிறுத்தினார். கேள்வி உள்ளே போய் இறங்குகிற வரைக்கும் காத்திருந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார். "போட்டுக்குங்க," என்றார். "கேட்டுட்டுத்தான் சொல்றன். போட்டுக்குங்க."

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டுல வைக்கப்போற நம்ம விளம்பர ஃப்ளெக்ஸுக்கும் அந்த வரியத்தான் கொடுத்திருக்கோம். பிரிண்டுக்குப் போறதுக்குள்ள கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க, பிரவீணா," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். பிரவீணா ஃப்ளெக்ஸ்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழைய வரியை அழித்தாள். புதிதாக எழுதத் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தாள், இத்தனை வருஷமாக எழுதின எந்த வார்த்தையும் உதவிக்கு வரவில்லை, கடைசியில் நடந்ததையே எழுதினாள்: மிஷின் மாட்டியதும் துளசிமணி முதலில் கேட்டது, நாங்கள் அவரைப் படம் எடுத்த சத்தம். அப்போது அவர் முகம் இது. ஒதுக்கி வைத்திருந்த முதல் படத்தையும் அவரிடம் கேட்டு இதற்கு முன்னால் சேர்த்தாள். துளசிமணி திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, எழுத்துக்கூட்டி, சத்தம் போட்டுப் படித்தார். படிக்கும்போதே தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு இரண்டு இடத்தில் மெதுவாக்கினார். "ஆமா," என்றார். "இதுதான்."

இதற்கு எத்தனை விரல்கள் நிற்கும், யார் பார்ப்பார்கள், இனி காதுகள் வருமா, இருபதாம் தேதி சத்தியமங்கலத்திலிருந்து யாராவது வருவார்களா, ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது பயமாக இல்லை என்பது மட்டும் அவளுக்குப் புதிதாக இருந்தது.

துளசிமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார். "அம்மிணி, அந்தக் கேமரா இங்கதான் இருக்குதுங்களா?"

"இருக்குங்க்கா."

"இன்னொருக்கா எடுங்க. படத்துக்கில்லீங்க. சத்தத்துக்கு."

சோதனை அறைக்குள் போனார்கள். சார் கனமான கதவைச் சாத்தினார். தெரு, ஹாரன், மெடிக்கல், எல்லாம் ஒரே வீச்சில் வெளியே நின்றுவிட்டன. துளசிமணி அதே நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொள்ளவில்லை, தலையைக் கோதிக்கொள்ளவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். பிரவீணா கேமராவை எடுத்தாள், கண்ணுக்குக் கொண்டுபோகாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவளும் கண்ணை மூடினாள். மூச்சை நிறுத்திக்கொண்டு அழுத்தினாள்.

"இன்னொருக்கா," என்றார் துளசிமணி.

அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். படம் எப்படி வந்தது என்று இருவரும் பார்க்கவில்லை.